பிளக் மரை போச்சு: ஹெட்டை இறக்கணுமா, வண்டியிலேயே புஷ் போடலாமா?

திருப்பூர் லோடு:
வணக்கம். வண்டி நான்கு சிலிண்டர் மினி லாரி, அலுமினிய ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடுகிற பாகம்). போன வாரம் பனியன் பண்டல் ஏற்றிக்கொண்டு சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலை ஏறினேன். பத்தாவது கொண்டை ஊசி தாண்டும்போதே ‘சிக் சிக்’ என்று ஒரு சத்தம். லோடு அதிகம், அதுதான் முனகுகிறது என்று நினைத்து மிதித்தேன். இன்னும் இரண்டு வளைவு போயிருப்பேன், பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம், வண்டி மூன்று காலில் நொண்ட ஆரம்பித்துவிட்டது. ஓரம் கட்டிப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் குழியை விட்டு எகிறி, இக்னிஷன் காயிலையும் உடைத்துக்கொண்டு கிடக்கிறது. பிளக் மரையில் அலுமினியம் மெல்லிய ஸ்பிரிங் போலச் சுற்றியிருந்தது. ஹெட்டில் இருந்த மரை முழுக்க அதோடு வந்துவிட்டது.

பத்து நாள் முன்னால்தான் வழியில் ஒரு பட்டறையில் நான்கு பிளக்கும் மாற்றினேன். பையன் முதல் சுற்றிலிருந்தே நீளக் கைப்பிடி ராட்சட் ஸ்பானர் போட்டு முறுக்கினான். நானும் டீ குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது லேத் பட்டறையில் ஒருவர் வண்டியிலேயே ஹெலிகாயில் (புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போடலாம் என்கிறார். என் மெக்கானிக் ஹெட்டை இறக்காமல் தொட மாட்டேன் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

டீசல் தாத்தா:
லாரிக்கு ஏதப்பா ஸ்பார்க் பிளக்? நாற்பது வருஷமாக ஓட்டுகிறேன், பார்த்ததில்லை.

திருப்பூர் லோடு:
சிஎன்ஜி வண்டி தாத்தா. டீசல் மாதிரி அழுத்திவிட்டால் தானாகப் பற்றாது, பொறி வேண்டும்.

டீசல் தாத்தா:
அப்போ மரை கழன்றது வண்டிக்கா, வாங்கினவனுக்கா?

கரூர் லேத்து:
தாத்தா பேசாமல் இருங்கள். தம்பி, ஹெட்டை இறக்க வேண்டாம். நம் வண்டிகளில் இந்தப் பிளக் பெரும்பாலும் 14 மில்லி, பிட்ச் (மரை இடைவெளி) 1.25. அதற்கென்றே ஹெலிகாயில் செட் இருக்கிறது. பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்கள், இல்லையென்றால் மரை வெட்டுகிற டேப் போய் பிஸ்டன் மண்டையில் முட்டும். டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அப்பிக்கொண்டு அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி கிரீஸ். சீவல் எல்லாம் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வரும். மிச்சத்தை வாக்குவம் கிளீனரில் மெல்லிய டியூப் செருகி உறிஞ்சிவிடலாம். அரை நாள் வேலை.

பட்டறை மணி:
அரை நாள் வேலைதான். அப்புறம் ஆறு மாதம் அழணும். நான் ஹெட்டை இறக்கு என்கிற கட்சி. சீவல் பயத்தால் மட்டும் சொல்லவில்லை. பிளக் துளைக்கும் வால்வு சீட்டுக்கும் (வால்வு வந்து உட்காரும் வளையம்) நடுவே இருக்கும் பாலம் மெல்லியது, அதிலும் சிலிண்டருக்கு நான்கு வால்வு என்றால் இன்னும் மெல்லியது. 14 மில்லி துளையை ஹெலிகாயிலுக்காக 15.6 வரை அகட்டுகிறீர்கள், உள்ளும் வெளியும் மரை வெட்டிய கெட்டிக் குழாயான புஷ் என்றால் அதற்கும் மேலே. அங்கே ஏற்கனவே மயிரிழை விரிசல் இருந்தால் மேலேயிருந்து குனிந்து பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? ஹெட் மேஜை மேல் இருந்தால் தெரியும். கோணம் தப்பினாலும் போச்சு. பிளக் வாஷர் ஒரு பக்கம் மட்டும் உட்காரும், மறு பக்கம் காஸ் கசியும்.

கரூர் லேத்து:
கோணம் எப்படித் தப்பும் மணி? பிளக் ஆழமான குழிக்குள் இருக்கிறது. குழிக்குச் சரியாகப் பொருந்துகிற ஒரு கைடு புஷ்ஷைக் கடைந்து டேப்பின் தண்டில் மாட்டினால் அந்தக் குழியே பிடித்துக்கொடுக்கும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பட்டறை மணி:
நீங்கள் கடைவீர்கள் அண்ணே. அந்த டீக்கடைப் பட்டறைப் பையன் கடைவானா? நூற்றில் தொண்ணூறு பேர் கையால் பிடித்துத்தான் இறக்குகிறார்கள்.

ஹூஸ்டன்வாசி:
இதே சண்டை இங்கே அமெரிக்காவில் இருபது வருஷமாக நடக்கிறது. ஃபோர்டின் பழைய ட்ரைட்டன் வி8 எஞ்சின், இரண்டு வால்வு ரகம், 5.4 லிட்டர். எஃப்-150 முதல் பெரிய பிக்கப் வரை போட்டார்கள். 1990களின் கடைசியில் வந்த ஹெட்களில் பிளக்கைப் பிடிக்க நான்கு மரைதான் இருந்தது. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பிளக் எகிறிவிடும், இவர் சொன்ன அதே பட்டாசுச் சத்தம். பெரும்பாலானோர் ஹெட்டை இறக்காமல்தான் சரி செய்தார்கள். ஆனால் ஹெலிகாயில் வேண்டாம், கெட்டிப் புஷ் போடுங்கள். ஹெலிகாயில் என்பது கம்பிச் சுருள்தானே. அடுத்த முறை பிளக் கழற்றும்போது சுருளும் சேர்ந்து வந்து நிற்கும். புஷ்ஷுக்கு மேலே ஒரு விளிம்பு உண்டு, ஹெட்டில் வெட்டிய படியில் அது உட்காரும். கடைசியில் புஷ்ஷைத் திருகி இறக்கும் டிரைவர் டூலை எண்ணெய் போட்டு இறக்கும்போது புஷ்ஷின் அடி மரை வெளிப்பக்கமாக விரிந்து அலுமினியத்தை இறுக்கிக்கொள்ளும். அப்புறம் அது எங்கேயும் போகாது.

கரூர் லேத்து:
புஷ் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஹெலிகாயிலை மட்டமாகப் பேசாதீர்கள் சார். லைகோமிங், கான்டினென்டல் விமான எஞ்சின்களில் பிளக் துளைக்குக் கம்பெனியிலேயே ஹெலிகாயில் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். வானத்தில் தாங்குவது திம்பத்தில் தாங்காதா? கழன்று வருவது போட்டவன் கோளாறு. அடியில் இருக்கும் குட்டி நாக்கை உடைத்து எடுக்காமல் விட்டிருப்பான், இல்லையென்றால் சுருளை மேல் மட்டத்துக்குக் கீழே இறக்காமல் விட்டிருப்பான்.

பட்டறை மணி:
அந்த நாக்கு உள்ளே விழுந்தால்? அது ஸ்டீல், அலுமினியச் சீவல் இல்லை.

கரூர் லேத்து:
நீள மூக்குப் பிளையரால் பிடித்துக்கொண்டே உடைக்கணும். கை நடுங்குகிறவர்கள் புஷ்ஷே போடட்டும்.

ஈரோடு ராஜா:
இவ்வளவு எதற்கு? டெஃப்லான் நாடா இரண்டு சுற்று சுற்றி, மேலே எபாக்சி பசை போட்டு இறுக்கினால் ஓடாதா? சீவல் விழுந்தால் காந்தம் விட்டு எடுக்கலாமே.

கரூர் லேத்து:
அலுமினியம் காந்தத்தில் ஒட்டுமா தம்பி?

பட்டறை மணி:
ராஜா, கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 மில்லி வட்டம் ஏறத்தாழ ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர். உள்ளே எரியும்போது அழுத்தம் 60 பார் (காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 60 மடங்கு) என்று வைத்தால் பிளக்கைத் தொண்ணூறு கிலோ கீழேயிருந்து தள்ளுகிறது. எஞ்சின் 2,400 ஆர்பிஎம்மில் ஓடினால் நிமிடத்துக்கு 1,200 தடவை அந்தத் தள்ளு. உங்கள் எபாக்சி எத்தனை தடவை தாங்கும்? பிளக்கின் சூடும் மரை வழியாகவும் வாஷர் வழியாகவும்தான் ஹெட்டுக்கு இறங்கணும். நடுவில் டெஃப்லானைச் சுற்றினால் சூடு எங்கே போகும்?

ஹூஸ்டன்வாசி:
இறுக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. வாஷர் வைத்த 14 மில்லி பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், அவ்வளவுதான். இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் இல்லையா, புதுப் பிளக்கைக் கையால் முட்டும் வரை திருகி, அப்புறம் அரைச் சுற்று, மிஞ்சினால் முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. நான் மரையில் கொஞ்சம் செப்பு கிரீஸும் தடவுவேன்.

பட்டறை மணி:
அதைத் தடவாதீர்கள். பிளக் கம்பெனி என்ஜிகே தன் பிளக்குக்கு அது வேண்டாம் என்றே சொல்கிறது, மேலே பூச்சு இருக்கிறது. கிரீஸ் தடவினால் வழுக்கும். ரெஞ்ச் 25 காட்டும்போது மரை அதைவிட அதிகமாக இழுபட்டிருக்கும். பாதி மரை அப்படித்தான் சாகிறது. மீதிப் பாதியை நீள ராட்சட் கொல்கிறது. பிளக் தலையில் ஒரு துண்டு ரப்பர் டியூபைச் செருகிக் கையால் திருக வேண்டும். கோணலாக ஏறினால் டியூப் வழுக்கிவிடும், மரை பிழைக்கும்.

திருப்பூர் லோடு:
எல்லோருக்கும் நன்றி. நேற்று போனில் மாட்டுகிற எண்டோஸ்கோப் கேமரா ஒன்றை இரவல் வாங்கி உள்ளே விட்டுப் பார்த்தேன். வால்வு ஓரத்தில் விரிசல் எதுவும் தெரியவில்லை. ஆனால் பிஸ்டன் மண்டை மேல் அரிசியளவு அலுமினியத் துண்டு ஒன்று கிடக்கிறது. பிளக் எகிறும்போதே உடைந்து உள்ளே விழுந்திருக்கிறது போல.

பட்டறை மணி:
இதைத்தான் சொன்னேன். டேப் போடும் முன்பே உள்ளே குப்பை.

கரூர் லேத்து:
ஒத்துக்கொள்கிறேன், முதல் வேலையாகக் கேமரா விடச் சொல்லியிருக்கணும். ஆனால் அரிசியை உறிஞ்ச ஹெட்டை ஏன் இறக்கணும்? கேமராவைப் பார்த்துக்கொண்டே டியூபைப் பக்கத்தில் கொண்டு போங்கள், வந்துவிடும். சிலிண்டர் சுவரில் கீறல் இல்லையே?

திருப்பூர் லோடு:
கண்ணுக்குத் தெரிந்து இல்லை அண்ணே.

(ஒன்பது நாள் கழித்து)

திருப்பூர் லோடு:
முடிந்தது. வண்டியிலேயே கெட்டிப் புஷ் போட்டாயிற்று. அரிசித் துண்டு மூன்றாவது முயற்சியில் டியூபில் ஒட்டிக்கொண்டு வந்தது. புஷ் உட்கார்ந்ததும் காஸ் வால்வை அடைத்து, எல்லாப் பிளக்கையும் கழற்றி, காயில், இன்ஜெக்டர் கரண்ட் இணைப்புகளை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரால் சுற்றினோம். கறுப்பு கிரீஸ் கொஞ்சம் துப்பியது. கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. 600 கிலோமீட்டர் ஓடிவிட்டேன், திம்பமும் ஏறினேன், சத்தம் இல்லை.

கரூர் லேத்து:
மணி, பார்த்தீர்களா?

பட்டறை மணி:
600 ஒரு கணக்கா அண்ணே? அந்தப் பிளக்கை ஒரு முறை கழற்றி மாட்டின பிறகு சொல்லட்டும், நான் ஒத்துக்கொள்கிறேன். லோடு தம்பி, எல்லாப் பிளக்கையும் கழற்றினேன் என்றீர்களே, மற்ற மூன்றும் அதே பையன் முறுக்கியதுதானே. எப்படி வந்தன?

திருப்பூர் லோடு:
ஒன்றும் நான்கும் வழுக்கிக்கொண்டு வந்தன. இரண்டாவது மட்டும் மணல் அரைபடுகிற மாதிரி கரகரவென்று வந்தது. திரும்ப மாட்டும்போதும் முதல் இரண்டு மரை கையால் ஏறவில்லை, ரெஞ்ச் போட்டுத்தான் ஏற்றினேன்.

பட்டறை மணி:
அதோடா திம்பம் ஏறினீர்கள்!

கரூர் லேத்து:
பயப்படாதே தம்பி, முதல் இரண்டு மரைதான் அடிபட்டிருக்கிறது என்றால் புஷ் வேண்டாம். அதே அளவில் ஒரு பழைய பிளக்கை எடுத்து, மரையின் குறுக்கே ஹாக்ஸா பிளேடால் நான்கு கோடு அறுத்து, பிசிர் தேய்த்து, கிரீஸ் தடவிக் கையால் இறக்கி ஏற்று. மரை வழிக்கு வந்துவிடும். எஞ்சின் நன்றாக ஆறியிருக்கணும்.

பட்டறை மணி:
இதில் மட்டும் அண்ணனோடு ஒத்துப்போகிறேன். சூட்டோடு கழற்றினால் இருக்கிற மரையும் பிளக்கோடு வந்துவிடும்.

திருப்பூர் லோடு:
நாளை லோடு இல்லை. காலையில் டீக்கு முன்னால் கழற்றுகிறேன்.