உதவி தேவை: பாறைக் கோளின் உள்ளமைப்புக் கணக்கு மையத்தில் உடைகிறது

சுங்கை சிப்புட் மாணவி:
வணக்கம். இறுதியாண்டுத் திட்டத்துக்காக, வேறு விண்மீன்களைச் சுற்றும் பாறைக் கோள்களின் உள்ளமைப்பைப் பைத்தானில் கணக்கிடுகிறேன். விடுமுறைக்குத் தோட்டத்து வீட்டுக்கு வந்துவிட்டதால் இங்கே கேட்க ஆளில்லை.

நிறையில் 32.5 விழுக்காடு இரும்பு உட்கரு, மீதி அதைச் சுற்றியுள்ள சிலிக்கேட் பாறை மேலுறை. சோதனைக்காகப் பூமியின் நிறையையும் 6371 கி.மீ. ஆரத்தையும் கொடுத்து, மேற்பரப்பிலிருந்து உள்ளே இறங்குகிறேன். மையம் வருமுன்பே நிறை தீர்ந்து எதிர்க்குறிக்குப் போகிறது. ஈர்ப்பும் குறி மாறி, அழுத்தம் சரிந்துவிடுகிறது. படியைச் சிறிதாக்கினாலும் அதேதான்.

ஈப்போ விரிவுரையாளர்:
தங்கச்சி, நிரல் சரியாகத்தான் ஓடுகிறது. ஆரத்தை நாம் கொடுக்கக் கூடாது, அது விடையாக வர வேண்டும். நிறையும் உட்கருப் பங்கும் முடிவாகிவிட்டால் ஒரே ஓர் ஆரம்தான் பொருந்தும். முதலில் ஓர் ஆரத்தை ஊகித்து இறங்குங்கள். நிறை முன்பே தீர்ந்தால் ஊகம் பெரிது. மையத்தில் மிஞ்சினால் சிறிது. இரண்டுக்கும் நடுவை எடுத்து, இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போங்கள். அழுத்தத்துக்கு ஏற்ப அடர்த்தி எவ்வளவு என்று சொல்லும் நிலைச் சமன்பாடு எது?

சுங்கை சிப்புட் மாணவி:
பர்ச்-மர்னகன், மூன்றாம் படி. அண்ணா, இப்போது மையம் வரை போகிறது, ரொம்ப நன்றி! ஆனால் ஆரம் 6371-க்குக் குறைவாக வருகிறதே?

ஈப்போ விரிவுரையாளர்:
வரத்தான் செய்யும். பூமியின் வெளி உட்கரு தூய இரும்பு அல்ல. இலேசான தனிமங்கள் கலந்திருப்பதால் அடர்த்தி 5 முதல் 10 விழுக்காடு குறைவு. மேலுறை முழுவதற்கும் கனமீட்டருக்கு 4100 கிலோ அடர்த்தியுள்ள பெரோவ்ஸ்கைட்டை, அதாவது உயர் அழுத்தத்தில் உருவாகும் சிலிக்கேட் கனிமத்தை, வைத்திருப்பீர்கள். உண்மையில் மேல்மேலுறையின் உச்சியில் 3300, 3400 தான். 6371 வரட்டும் என்று எண்களைத் திருகாதீர்கள், தயவுசெய்து. அப்புறம், பூமியைவிடப் பல மடங்கு நிறையுள்ள கோள்களுக்குப் போகும்போது வினே என்ற இன்னொரு நிலைச் சமன்பாட்டுக்கு மாறுங்கள். அந்த அழுத்தத்தில் அதுதான் நம்பகமானது.

பினாங்கு ஆய்வு மாணவர்:
ஒன்று சேர்க்கிறேன். நிறையும் ஆரமும் தெரிந்தாலும் உள்ளே என்ன என்று முடிவாகாது. பெரிய இரும்பு உட்கருமேல் நீர்ப்படலம் இருந்தாலும், சிறிய உட்கருமேல் தடித்த பாறை இருந்தாலும் அதே ஆரம் வரலாம். அதனால் தாய் விண்மீனின் இரும்பு-மக்னீசிய விகிதத்தைத் துணைக்கு எடுக்கிறார்கள். அதையும் முழுதாக நம்ப முடியாது. புதன் நம் சூரியனைச் சுற்றுவதுதான், ஆனால் சூரியனின் விகிதத்தை வைத்து எதிர்பார்ப்பதைவிட மிக அதிகமாக, நிறையில் ஏறக்குறைய 70 விழுக்காடு உட்கரு. அதையும் சோதனையில் சேர்த்துப் பாருங்கள். ஆரம் 2440 கி.மீ. அருகில் வர வேண்டும். மேலுறைக்கு ஒலிவின் என்ற கனிமத்தைப் போடுங்கள், பெரோவ்ஸ்கைட் உருவாகும் அளவுக்கு அங்கே அழுத்தம் இல்லை.