எலி இழுத்த புகையைத் துறைமுக வீதிக்குக் கொண்டுவரலாமா?

உப்புவெளியான்:
சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையம் வராது என்று 2016இல் முடிவானதோடு திருகோணமலையில் காற்று மாசைப் பற்றிய பேச்சே அடங்கிவிட்டது. லொறிப் புகையும் கப்பல் புகையும் அப்படியேதான். ஒரு துண்டுப்பிரசுரம் எழுதுகிறோம். அதில் இதைப் போடப்போகிறேன்: 1960களில் எலிகளை 300–400 பிபிஎம் (காற்றின் பத்து இலட்சம் பங்கில் இத்தனை பங்கு) கந்தகவீரொட்சைட்டில், அதாவது கந்தகமுள்ள எரிபொருள் எரியும்போது வரும் வாயுவில், வாரக்கணக்கில் வைத்தார்கள். சளி சுரக்கும் கலங்கள் பெருகி, வழக்கமாக அவை இல்லாத சிறு மூச்சுக்குழாய்கள்வரை இறங்கின. மனிதரின் நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சியிலும் இதே கோலம்தான்.

சீனக்குடா டீசல்:
தம்பி, முதல் கேள்வியிலேயே படுத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன 24 மணிநேர அளவு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம், அதாவது 0.015 பிபிஎம் மட்டில். எலிக்குக் கொடுத்தது அதைப்போல இருபதாயிரம் மடங்கு! அதோடு இந்த வாயு நீரில் இலகுவாகக் கரையும். பெரும்பகுதியை மூக்கின் ஈரமே பிடித்துவிடும்.

உப்புவெளியான்:
எலி மூக்கால்தான் மூச்சு விடும் அண்ணை. மூட்டை தூக்குகிறவர் வாயால் இழுப்பார். இன்னொரு மாசு வாயுவான ஓசோனில், மனிதரின் நுரையீரலுக்குள் எவ்வளவு போகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஒட்சிசன்-18 என்ற பாரமான ஒட்சிசனால் அடையாளமிட்ட ஓசோனை ஒரே 0.4 பிபிஎம் அளவில் இரு தரப்புக்கும் கொடுத்தார்கள். உடற்பயிற்சி செய்த மனிதரின் நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்தில், ஓய்வாக இருந்த எலியைவிட 4–5 மடங்கு இருந்தது.

கோட்டை மான்:
எலியை விடுங்கள். பஸ் சைலன்சருக்குப் பக்கத்தில் நிற்கும் எங்கள் மான்களின் நுரையீரலை யாராவது பார்த்தார்களா?

சீனக்குடா டீசல்:
அவற்றுக்குப் பொலித்தீன்தான் முதல் எமன். சரி, ஓசோனுக்கு வருவோம். தொடர்ந்து கொடுத்தால் ஒரு கிழமைக்குள் எலியில் அழற்சி தணிகிறதே? உடம்பு பழகிக்கொள்கிறது.

உப்புவெளியான்:
பழகுவதற்கு என்ன விலை கொடுக்கிறது என்று பாருங்கள். ஓசோன் முதலில் தாக்குவது மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் மயிர்போன்ற பிசிர்க் கலங்களையும், நுரையீரலின் காற்றுச் சிற்றறைச் சுவரில் காகிதம்போல் படர்ந்திருக்கும் முதலாம் வகைக் கலங்களையும். செத்த இடத்தை இரண்டாம் வகைக் கலங்கள் பெருகி அடைக்கின்றன. அவை தடித்தவை. அழற்சி அடங்கியதும் பழைய சுவர் அப்படியே திரும்பிவிடுவதில்லை. எலிக்குச் சரியாக அமையாத சுவாச நுண்குழாய்கள் (சிற்றறைகளுக்குச் சற்று முன்னுள்ள மெல்லிய குழாய்கள்) எங்களைப் போலவே ரீசஸ் குரங்குக்கும் உண்டு. குரங்கில் ஓசோன் சேதம் குவிந்ததே அங்கேதான்.

சீனக்குடா டீசல்:
அப்போ ஓசோனை எழுது, 300 பிபிஎம் வரியை வெட்டு. ஆனால் ஓசோன் லொறிக் குழாயிலிருந்து நேரே வராது. நைதரசன் ஒட்சைட்டுகளும் எரிபொருள் ஆவியும் வெயிலில் சேர்ந்து, தள்ளிப்போய்த்தான் கூடும். துறைமுக வாசலில் அளந்தால் புதுப்புகையே ஓசோனைத் தின்று குறைத்துக் காட்டும். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் மிச்சமும் கடலுக்குப் போய்விடும்.

உப்புவெளியான்:
கடலில் தொழில் செய்பவர்களுக்கு மூச்சு இல்லையோ? 300 வரியை வெட்ட மாட்டேன். பக்கத்திலேயே உங்கள் 0.015ஐயும் போடுகிறேன். நாளைக்கு வரைவைப் பதிகிறேன், வந்து திட்டுங்கள்.