புதுப்பிப்பு: இரத்தினபுரி மாணிக்க நிலத்தில் எங்கள் பங்கு

இலங்கை இரத்தினபுரியில் தாத்தா பங்காக வாங்கிய மாணிக்கக்கல் நிலத்தை, அங்குள்ள பங்காளிகள் தங்களுக்கு மட்டுமே சொந்தம் என்கிறார்கள். மதுரையில் வழக்குப் போட முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன்.

முடியாது. நிலம் இருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றம்தான். 1977ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் அங்கேயே தொடுத்துவிட்டோம். வழக்கு நிலுவையில் இருப்பதைக் காணிப் பதிவகத்திலும் பதிந்தாயிற்று. இனி வாங்க வருபவருக்கும் தெரியும்.

பத்தாண்டுக்கு மேல் தனியாக அனுபவித்ததால் உரிமை தங்களுக்கே என்பது அவர்கள் வாதம். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் பத்தாண்டு எதிரிடை அனுபவத்தை (உரிமையாளரின் உரிமைக்கு எதிராக நிலத்தைத் தொடர்ந்து வைத்திருப்பதை) ஏற்பது உண்மைதான். எனக்கு உறக்கம் கெட்டதே இதனால்தான். ஆனால் கூட்டுச் சொந்தக்காரரின் அனுபவம் மற்ற பங்குதாரர்களுக்காகவும் என்றே கொள்ளப்படும். அந்த மற்றப் பங்குதாரர்களை விலக்கியது அல்லது அதற்கு நிகரான செயல் நிரூபிக்கப்பட வேண்டும் என்று, அன்று இலங்கைக்கும் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1911லேயே தீர்ப்பளித்திருக்கிறது. அதைத்தான் பற்றி நிற்கிறோம்.

அவர்கள் காட்டும் அகழ்வு உரிமம் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை தருவது. அது தோண்டுவதற்கான அனுமதி, நிலப் பத்திரம் அல்ல.

மேலூர் வீட்டுப் பெட்டியிலிருந்த கிரயப் பத்திரத்தை வழக்கறிஞரிடம் சேர்த்துவிட்டேன். அடுத்தது அவர்களின் பதில் மனு.