வியர்வை வழிந்ததால் ஏமாந்தேன்

கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். வேலூரைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் போலீஸுக்கோ மிலிட்டரிக்கோ ஓடிப் பழகும் பையன்கள் இருப்பார்கள். நானும் கணியம்பாடிப் பக்கம் பத்துப் பேரை ஓட வைக்கிறேன். போலீஸ் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டுமே!

அன்று கத்திரி வெயில். காலை எட்டரை தாண்டியும் "இன்னொரு ரவுண்டு" என்று சொன்னது நான்தான். பழகி மூன்றே நாளான பையன் ஒருவன் தள்ளாடி வந்து உட்கார்ந்தான். "இன்னாடா ஆச்சு?" என்றால், "அண்ணா, பஸ்சு போயிடுச்சா?" என்கிறான். உடம்பெல்லாம் வியர்வை. வியர்வை நின்று தோல் காய்ந்தால்தான் வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) என்று கேள்விப்பட்டிருந்தேன். வெறும் மயக்கம்தான் என்று நினைத்துத் தண்ணீரை வாயில் ஊற்றினேன். புரையேறிவிட்டது.

பக்கத்துக் கழனியிலிருந்து மிலிட்டரி மாமா ஓடிவந்தார். "வாயில ஊத்தாத. பேச்சு மாறுது பாரு, தொட்டியில இறக்குடா!" பம்புசெட்டுத் தொட்டியில் கழுத்தளவு உட்கார வைத்தோம். தலை சாயாமல் நான் பிடித்துக்கொண்டேன். அவர் மோட்டாரைப் போட்டுவிட்டார். 108 வரும்வரை வெளியே எடுக்கவே விடவில்லை. கால் மணி நேரம் போனபின், "ஏண்ணா என்னை முக்கறீங்க?" என்றான். அந்தக் கேள்வியைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது.

ஓடுவதால் வரும் வெப்பவாதத்தில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். உள்சூடு 40 டிகிரிக்கு மேல் போய், புத்தி தடுமாறினால் அதுதான் அடையாளம். அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டரை நம்பக்கூடாதாம். தசை சிதைந்தால் சிறுநீரகமும் கெடும் என்று இரண்டு நாள் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

பதில்: குடியாத்தத்தில் கபடி ஆடும்போது எனக்குக் கெண்டைக்கால் இழுத்து, வாந்தியும் வந்தது. ஆனால் ஸ்கோரைச் சரியாகச் சொன்னேன். நிழலில் படுக்க வைத்து, காலைத் தூக்கி வைத்து, ஓஆர்எஸ் கொடுத்தார்கள். அரை மணியில் எழுந்துவிட்டேன். நல்லவேளை, அது வெறும் வெப்பச் சோர்வு.

பதில்: காய்ச்சல் மாத்திரை கொடுத்திருக்கலாமா, அண்ணா?

நான்: கேட்காது, தம்பி. இது காய்ச்சலே இல்லை, உடம்பு சூட்டை வெளியே தள்ள முடியாமல் திணறுவது. தண்ணீர்தான் மருந்து. தொட்டி இல்லையென்றால் உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது ஐந்தரைக்கே ஆரம்பிக்கிறோம். புதுப் பையன்களுக்கு முதல் இரண்டு வாரம் பாதி ஓட்டம்தான். அவனும் வருகிறான். எல்லோரும் "பஸ்சு" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.