கோழியின் காதில் கெட்டிச் சீழ்: வீட்டில் என்ன செய்யலாம்?

கொல்லைக்கோழி (கேள்வி)

வணக்கம். வீட்டுக் கொல்லையில் 11 சிறுவிடைக் கோழிகள் வளர்க்கிறேன். அவற்றுள் இரண்டு வயதுப் பெட்டை ஒன்று நான்கு நாட்களாகத் தலையை அடிக்கடி உதறுகிறது. வலக்காலால் கன்னத்தைப் பிராண்டிக்கொண்டே இருக்கிறது. நேற்று மாலை பஞ்சாரத்தில் அடைக்கும்போது பிடித்துப் பார்த்தேன். கண்ணுக்குப் பின்னால் காதை மூடியிருக்கும் சிற்றிறகுகள் ஈரமாக ஒட்டிக் கிடந்தன. அவற்றை விலக்கியபோது, திரிந்த பால் கெட்டிப்பட்டது போன்ற மஞ்சளான ஒன்று துளையை அடைத்திருந்தது. லேசான நாற்றமும் உண்டு. இரை எடுக்கிறது, முட்டையும் இடுகிறது. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஊற்றச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் விடுப்பு முடிந்து வர இன்னும் மூன்று நாட்கள் ஆகும். அதுவரை நான் என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?

கரிசல்சேவல்

அம்மா, எண்ணெய் வேண்டாம். நமக்குச் சீழ் வைத்தால் அது நீராக வடிந்துவிடும்; கோழியின் வெள்ளணுக்களில் சீழை இளக்கும் நொதிகள் குறைவு என்பதால் அது வடியாமல் பாலாடை போல இறுகிவிடுகிறது. அந்த அடைப்பு இருக்கும்வரை மேலே எதை ஊற்றினாலும் உள்ளே இறங்காது. எண்ணெயோ அழுக்கையும் சேர்த்துக்கொண்டு அங்கேயே பிசுபிசுத்து நிற்கும்.

முதலில் அதனைத் தனியாக அடையுங்கள். இருட்டியபின் எடுத்தால் அடங்கி இருக்கும். இறக்கைகள் விரியாதபடி பழைய துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் சலைனை (இல்லையென்றால் கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு) கை பொறுக்கும் வெதுவெதுப்பில் பஞ்சில் நனைத்து, காதின் மேல் பத்து நிமிடம் ஒற்றி வையுங்கள். பொருக்கு இளகியபின் தானாக விளிம்பு விட்டுக் கிளம்பும் பகுதியை மட்டும் மழுங்கிய முனையுள்ள இடுக்கியால் எடுங்கள். ஒட்டிக்கொண்டிருப்பதை இழுக்காதீர்கள், இரத்தம் கசிந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். காலையும் மாலையும் இப்படிச் செய்தால் இரண்டு மூன்று நாட்களில் பெரும்பாலும் வந்துவிடும். ஒரே அமர்வில் முடித்துவிடும் அவசரத்தில் நானே ஒரு கோழியின் காதைப் புண்ணாக்கியிருக்கிறேன்.

காதுக் குச்சியைத் துளைக்குள் நுழைக்கவே வேண்டாம். கோழியின் காதுக் குழல் மிகக் குட்டையானது. செவிப்பறை அருகிலேயே இருக்கிறது. அது கிழிந்திருக்கிறதா என்று நம்மால் பார்க்க முடியாது என்பதால், சாவ்லான் போன்ற கிருமிநாசினிகளையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் உள்ளே விடக்கூடாது. சாவ்லானில் உள்ள குளோரெக்சிடின் உட்செவிக்குள் போனால் கேட்கும் திறனையே கெடுக்கும்.

மேட்டுப்பட்டி மருந்தாளர்

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். வீட்டில் மனிதர்களுக்கு வாங்கி மிச்சமிருக்கும் காதுச் சொட்டு மருந்தை விட்டுவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றில் பலவற்றில் ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியோ ஸ்டீராய்டோ இருக்கும், செவிப்பறை கிழிந்திருந்தால் ஜென்டாமைசின் நன்மையை விடத் தீமையே செய்யும்.

நுண்ணுயிர்க்கொல்லி தேவையா, எது தேவை என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கொடுக்கத் தொடங்கினால், அவர் குறிக்கும் நாள் வரை அந்த முட்டையை உண்ணவோ விற்கவோ கூடாது. ஒரு மஞ்சள் கரு முழுதாகத் திரள ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. அந்நாட்களில் உடலில் இருந்த மருந்து அதில் படிந்துவிடும் என்பதால், மருந்தை நிறுத்திய மறுநாளே முட்டை சுத்தமாகிவிடுவதில்லை.

வைகைக்கரை

முகம் முழுதும் வீங்கி, மூக்கில் சளி வடிந்து, கண் மூடிக்கொண்டால் அது காது நோய் அன்று. தொற்றுச் சளி நோயாக இருக்கலாம், ஓரிரு நாட்களில் மற்ற கோழிகளுக்கும் பரவும். தலை ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டாலும் மூன்று நாள் காத்திருக்காமல் 1962 என்ற எண்ணை அழைத்துக் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேளுங்கள். சீழ் உட்செவிக்கு இறங்கினாலும் கழுத்து திருகும், வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோயில் பிழைத்த கோழிக்கும் திருகும். எங்கள் வீட்டில் இரண்டாவதை முதலாவதென்று நினைத்துக் காதையே கழுவிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று: மற்ற கோழிகளின் காதோரத்தையும் கொண்டையையும் பாருங்கள். கடுகு சிதறியது போல அசையாமல் ஒட்டியிருக்கும் கரும்புள்ளிகள் இருந்தால் அவை செள்ளுப் பூச்சிகள். அரிப்பு தாளாமல் பிராண்டும் புண்ணில்தான் பல நேரம் சீழ் வைக்கிறது.

கொல்லைக்கோழி

அனைவருக்கும் நன்றி. மூன்றாம் நாள் மாலை மொச்சைக் கொட்டை அளவில் ஒரு கட்டி முழுதாக வந்துவிட்டது. உள்ளே சிவந்திருக்கிறது, இரத்தமில்லை, தலை உதறுவதும் குறைந்துவிட்டது. வைகைக்கரை அவர்கள் சொன்னபடி பார்த்ததில், வேறு இரண்டு கோழிகளின் காதோரத்தில் அதே கரும்புள்ளிகள் இருந்தன. அவற்றின் மேல் வாசலைன் தடவி, கூண்டுத் தரையின் மண்ணைச் சுரண்டி அள்ளி எரித்துவிட்டுச் சுண்ணாம்பு தூவியிருக்கிறேன். நாளைக் காலை பெட்டையை மருத்துவரிடம் கொண்டுபோகிறேன். அந்தக் கட்டியையும் ஒரு சுத்தமான டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன்.