கொள்ளிடத்தில் உல்லம் ஏறும் மாதம் எது?

வணக்கம் உறவுகளே. கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் எதிரேறும் உல்லம் மீனைப் பற்றித் தகவல் வேண்டும். புதுவெள்ளம் கடலைத் தொட்டால்தான் இது ஏறும். 1934இல் மேட்டூர் அணை வந்தபிறகு வெள்ளம் பெரும்பாலும் அணைத் திறப்பை நம்பித்தான்; வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. அதுவும் தள்ளிப்போன வருஷங்கள் உண்டு.

கொள்ளிடத்தில் அணைக்கரைக்குக் கீழே வலை போட்ட பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள். ஆடியிலா, ஆவணியிலா, ஐப்பசி மழைக்கா? வயிற்றில் சினை இருந்ததா? அதுதான் முக்கியம். வேறு மீனோடு குழம்ப வேண்டாம்: உல்லத்துக்கு மேல்தாடை நடுவில் சின்ன வெட்டு இருக்கும், அடிவயிற்றைத் தடவினால் ரம்பம் மாதிரி சொரசொரக்கும்.

அப்புறம், கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு முகத்துவாரத்தில் இப்போது கிடைத்தாலும் தேதியோடு படம் போடுங்கள். மாதம் தெரிந்தால்தான் சினை மீன் ஏறும்போது வலையை ஒதுக்கச் சொல்லிக் கேட்க முடியும்.