மணல் ஜீப்பைத் தார்ச்சாலைக்குப் பழக்க வேண்டும்

வணக்கம். சித்தப்பாவின் பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப் என்னிடம் வந்திருக்கிறது. 2112 சிசி டீசல் எஞ்சின், 4 கியர், நான்கு சக்கர இயக்கம். 2017இல் அரிச்சல்முனைக்குச் சாலை திறக்கப்படும் வரை தனுஷ்கோடி மணலில் ஓடிய வண்டி. எனக்கோ கீழக்கரை, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி போய்வர வேண்டும். 60ஐத் தாண்டினால் எஞ்சின் அலறுகிறது. பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. (சில பயணங்களில் அதுவும் நல்லதுதான்.)

சேற்று டயர்களைக் கழற்றிவிட்டுச் சாலைக்கான ரேடியல் போடுவது உறுதி. வேகத்தில் எஞ்சின் சுழற்சியைக் குறைக்கக் கியரில் என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். கிரவுன் பினியனை (அச்சில் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கர ஜோடி) மாற்றினால் முன், பின் இரண்டு அச்சுகளிலும் ஒரே விகிதம் வேண்டும், செலவு இரட்டிப்பு. 5 கியர் பெட்டி வைத்தால் அச்சுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தையும் திருத்த வேண்டிவரும். பெரிய டயர் போதும் என்கிறார் உள்ளூர் மெக்கானிக். பழைய டிரம் பிரேக்கை நம்பி அதைச் செய்யத் துணிவில்லை.

இதில் எதையாவது செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பொருத்திய பிறகு ஆர்.சி.யில் பதிவு செய்ய என்னென்ன கேட்டார்கள்? உப்புக் காற்றில் சேஸிஸ் துருவேறியிருக்கிறது, முதலில் அதைத்தான் பார்க்க வேண்டுமா? பரமக்குடி, மதுரைப் பக்கம் நல்ல பட்டறை தெரிந்தாலும் சொல்லுங்கள்.